ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ்: வந்தவர்கள், போனவர்கள், வாசித்தவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்போது குழுவில் இருப்பது யார் யார்?

பில்லி கோர்கன் (குரல், கிதார்), ஜேம்ஸ் ஈஹா (கிதார்), ஜிம்மி சேம்பர்லின் (டிரம்ஸ்). அமெரிக்க ராக் குழுவான ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் உறுப்பினர்கள் என்றால் இந்த மூவர்தான். மேடையில் இவர்களோடு நிற்பவர்களைப் பற்றித்தான் நிறையக் குழப்பம். கிதார் வாசிக்கும் கிகி வாங் 2024-இல் சேர்ந்தவர். சில ஆண்டுகளாகப் பேஸ் கிதார் வாசிக்கும் ஜாக் பேட்ஸ், ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பேஸ் கலைஞர் பீட்டர் ஹுக்கின் மகன். இவர்கள் டூர் கலைஞர்கள், அதாவது கச்சேரிப் பயணங்களுக்காகச் சேர்ந்து வாசிப்பவர்கள்.

இந்தக் குழுவின் வரலாற்றைப் படிக்கும்போது உறுப்பினர் பட்டியல், மேடைப் பட்டியல், ஆல்பத்தில் உண்மையில் வாசித்தவர்களின் பட்டியல் ஆகிய மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

முதல் நால்வர் எப்படிச் சேர்ந்தார்கள்?

1988, சிகாகோ. தி மார்க்டு என்ற குழுவோடு ஃபுளோரிடாவுக்குப் போய், அது எடுபடாமல் ஊர் திரும்பிய கோர்கன் ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஈஹாவின் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் டிரம் மெஷினை ஓடவிட்டுப் பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஒரு கச்சேரி முடிந்து வெளியே வந்த இடத்தில் டார்சி ரெட்ஸ்கியோடு கோர்கனுக்கு வாக்குவாதம். இப்போதுதான் பார்த்த குழு நன்றாக வாசித்ததா இல்லையா என்று. அவர் பேஸ் வாசிப்பவர் என்று தெரிந்ததும் தொலைபேசி எண் கை மாறியது. மூவரானார்கள்.

நான்காமவர் வந்தது ஒரு நிபந்தனையால். சிகாகோவின் மெட்ரோ அரங்கின் உரிமையாளர் ஜோ ஷானஹன், டிரம் மெஷினை விட்டுவிட்டு ஆள் வைத்து வாசித்தால் மேடை தருகிறேன் என்றார். ஜாஸ் வாசித்துப் பழகிய ஜிம்மி சேம்பர்லின் நண்பர் ஒருவர் சொல்லி வந்தார். மாற்று ராக் என்றால் என்ன என்பதே அவருக்கு அப்போது அவ்வளவாகப் பரிச்சயமில்லை. 1988 அக்டோபர் 5 அன்று மெட்ரோவில் நால்வரும் முதன்முறையாக ஒன்றாக வாசித்தார்கள். அதுவரை சோகமான மெதுநடைப் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்த குழு, இவர் வந்தபின் வேகமும் கனமும் கூடி வேறு குழுவாகவே மாறிப்போனது.

ஆல்பங்களில் கிதார், பேஸ் எல்லாவற்றையும் கோர்கனே வாசித்தார் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை. ஆனால் எல்லா ஆல்பத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

முதல் ஆல்பமான 'கிஷ்' (1991) விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் உள்ள ஸ்மார்ட் ஸ்டூடியோவில் புட்ச் விக் தயாரிப்பில் பதிவானது. செலவு சுமார் 20,000 டாலர். ஈஹா, டார்சி பெயர்களில் உள்ள பகுதிகளில் பெரும்பாலானவற்றைக் கோர்கன் அங்கேயே தானாக வாசித்துவிட்டார். 'சயாமீஸ் ட்ரீம்' (1993) காலத்தில் இது ஊரறிந்த செய்தியானது. ஜார்ஜியாவின் மரியெட்டாவில் உள்ள ட்ரைக்ளாப்ஸ் ஸ்டூடியோவை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், சேம்பர்லினைச் சிகாகோவின் போதைமருந்துச் சகவாசத்திலிருந்து தள்ளிவைப்பது. அது பலிக்கவில்லை, அங்கேயும் அவர் நாட்கணக்கில் காணாமல் போனார். ஈஹாவும் டார்சியும் காதலர்களாக இருந்து அப்போதுதான் பிரிந்திருந்தார்கள். கோர்கனுக்கு எழுத்து வராமல் மனச்சோர்வு.

அந்தச் சூழலில் ஒரு பகுதியைப் பிறர் இருபது முறை வாசித்துச் சரிசெய்வதைவிடத் தானே இரண்டு மூன்று முறையில் முடித்துவிடலாம் என்று கோர்கன் கணக்குப் போட்டார். கணினித் திருத்தம் இல்லாமல் நாடாவில் பதிவுசெய்த காலம் அது. ஒரு கிதார் அடுக்கின் மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றும்போது ஒவ்வொன்றும் தாளத்திலும் சுருதியிலும் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். 'சோமா' பாடலில் நாற்பது வரை கிதார் அடுக்குகள் உண்டு என்பார்கள். வெவ்வேறு கைகள் வாசித்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கலாகிவிடும். இப்படி வேலை இழுத்துக்கொண்டே போய், நிர்ணயித்த தொகையைவிட 2,50,000 டாலர் கூடுதலாகச் செலவானது.

இதை வைத்து மற்றவர்கள் ஒப்புக்கு நின்றவர்கள் என்று முடிவுகட்டுவது சரியில்லை. அந்த ஆல்பத்தின் மிக அழகான இரண்டு பாடல்களான 'சோமா'வும் 'மயனைஸ்'உம் ஈஹாவோடு சேர்ந்து எழுதியவை. 'கிஷ்'ஷின் கடைசிப் பாடலான 'டேட்ரீம்'மைப் பாடுபவர் டார்சி. டிரம்ஸ் முழுக்கச் சேம்பர்லின். மேடையில் நால்வரும் அவரவர் பகுதியை வாசித்தார்கள். அதை நேரில் சரிபார்க்க ஆசைப்பட்டால் 2011-இல் வந்த 'சயாமீஸ் ட்ரீம்' விரிவுப் பதிப்பில் உள்ள டிவிடியைப் பாருங்கள். 1993 ஆகஸ்டில் மெட்ரோவில் நடந்த கச்சேரி அது. ஸ்டூடியோ அடுக்குகள் எதுவும் இல்லாமல் இரண்டே கிதார்களில் அந்தப் பாடல்கள் எப்படி நிற்கின்றன என்று தெரியும்.

'மெலன் காலி அண்ட் தி இன்ஃபினிட் சாட்னஸ்' காலத்தில் அது மாறியதா?

மாறியது. அதற்குக் காரணம் தயாரிப்பாளர்கள். ஃபிளட், ஆலன் மோல்டர் இருவரும் கோர்கனோடு சேர்ந்து தயாரித்தார்கள். குழு தினமும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தே தீர வேண்டும் என்றார் ஃபிளட். அதோடு இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் பதிவு நடந்தது. ஓர் அறையில் கோர்கன் குரலையோ அமைப்பையோ பார்த்துக்கொண்டிருக்க, இன்னோர் அறையில் ஈஹாவும் டார்சியும் தங்கள் பகுதிகளைப் பதிவு செய்தார்கள். முந்தைய ஆல்பத்தில் கோர்கன் வேலை செய்யும்போது மற்றவர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்த நிலை இப்படித்தான் தீர்ந்தது.

1995 அக்டோபரில் வெளியானது. இரண்டு சிடி, 28 பாடல்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அமெரிக்க ஆல்பப் பட்டியலான பில்போர்டில் முதலிடத்தில் நுழைந்தது. ஈஹா எழுதிப் பாடிய 'டேக் மீ டவுன்' முதல் தட்டின் கடைசிப் பாடல். இரண்டாம் தட்டை முடிக்கும் 'ஃபேர்வெல் அண்ட் குட்நைட்' பாடலில் நால்வருமே பாடுகிறார்கள். நால்வர் குழு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் உள்ள ஆல்பம் இது ஒன்றுதான் என்பது எங்கள் கணிப்பு.

1996 ஜூலையில் என்ன நடந்தது?

நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரிகளுக்காகத் தங்கியிருந்தபோது ஹோட்டல் அறையில் சேம்பர்லினும் டூர் கீபோர்டு கலைஞர் ஜொனதன் மெல்வாயினும் ஹெராயின் எடுத்துக்கொண்டார்கள். மெல்வாயின் இறந்தார். சேம்பர்லின் பிழைத்தார், கைதானார், சில நாட்களிலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.

சில பக்கங்கள் மெல்வாயினை 'குழு உறுப்பினர்' என்று எழுதுகின்றன, அது பிழை. அவர் டூருக்காக மட்டும் சேர்ந்தவர். பிரின்ஸின் தி ரெவல்யூஷன் குழுவில் கிதார் வாசித்த வெண்டி மெல்வாயினின் சகோதரர்.

ஆகஸ்ட் இறுதியில் டூர் மறுபடி தொடங்கியபோது டிரம்ஸில் ஃபில்டர் குழுவின் மேட் வாக்கர், கீபோர்டில் தி ஃபிராக்ஸ் குழுவின் டென்னிஸ் ஃபிளெமியன். இவர்களும் உறுப்பினர்கள் அல்லர்.

அப்படியானால் 'அடோர்' ஆல்பத்தில் டிரம்ஸ் யார்?

ஒருவர் இல்லை. மேட் வாக்கர், ஜோயி வாரன்கர், சவுண்ட்கார்டனின் மேட் கேமரன், இவர்களோடு நிறைய இடங்களில் டிரம் மெஷின். கோர்கன் தன் தாயை நினைத்து எழுதிய 'ஃபார் மார்த்தா' பாடலில் வாசிப்பவர் கேமரன். டூருக்குப் போனபோது கென்னி ஆரனாஃப் வந்தார். இரண்டு தாளக் கலைஞர்களும் உடன் வந்தார்கள்.

1998 ஜூனில் வந்த இந்த ஆல்பம் முந்தையதைவிடக் குறைவாகத்தான் விற்றது. ராக் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். உண்மையில் சேம்பர்லின் இடத்தை நிரப்ப முயலாமல், அந்த இடத்தைக் காலியாகவே விட்டு எழுதிய பாடல்கள் இவை. அதனால்தான் இன்றும் கேட்க நன்றாக இருக்கின்றன.

டார்சி எப்போது விலகினார்? மெலிசா ஆஃப் டெர் மார் எந்த ஆல்பத்தில் வாசித்தார்?

சேம்பர்லின் திரும்பி வந்து, 1999-இல் நால்வரும் ஒரு சிறு டூர் போனார்கள். அடுத்த ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஆண்டு செப்டம்பரில் டார்சி விலகினார். ஹோல் குழுவில் இருந்த மெலிசா ஆஃப் டெர் மார் டூருக்காக வந்தார். முன்பு ஹோல் குழுவுக்கு அவரைப் பரிந்துரைத்ததும் கோர்கன்தான். 2000 பிப்ரவரியில் வந்த 'மஷீனா' ஆல்பத்தில் அவர் வாசிக்கவில்லை. படங்களில் பார்த்துவிட்டு வாசித்ததாக நினைப்பது வழக்கமான தவறு.

2000-இல் குழு கலைந்தது எப்படி? 'மஷீனா II' ஏன் கடையில் கிடைக்கவில்லை?

2000 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் வானொலி ஒன்றில் கோர்கன் கலைப்பை அறிவித்தார். மிச்சமிருந்த பாடல்களை இரண்டாவது ஆல்பமாக வெளியிட இசைத்தட்டு நிறுவனம் விரும்பவில்லை. எனவே செப்டம்பரில் வெறும் 25 வினைல் பிரதிகள் அச்சாகி நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் போயின, இணையத்தில் இலவசமாகப் பரப்புங்கள் என்ற அனுமதியோடு. பெரிய குழு ஒன்று முழு ஆல்பத்தை இப்படிக் கொடுத்தது அந்தக் காலத்துக்குப் புதிது.

இதன் விளைவு ஒன்று உண்டு. இணையத்தில் சுற்றும் பிரதிகள் எல்லாம் வினைலிலிருந்து ஆளுக்கொரு விதமாக எடுத்தவை. ஒன்றில் கரகரப்பு, இன்னொன்றில் வேகம் லேசாகக் கூட, மற்றொன்றில் பேஸ் குறைவு. ஒரே பாட்டு இரண்டு இடத்தில் வேறு சுருதியில் கேட்டால் உங்கள் காதில் கோளாறு இல்லை.

கடைசிக் கச்சேரி 2000 டிசம்பர் 2 அன்று, நால்வரும் முதலில் சேர்ந்த அதே மெட்ரோவில். நான்கரை மணி நேரம் வாசித்தார்கள்.

2007-இல் திரும்பி வந்தது பழைய குழுவா?

பாதி. இடையில் கோர்கனும் சேம்பர்லினும் ஸ்வான் என்ற குழுவை நடத்தி, 2003-இல் ஒரே ஆல்பத்தோடு முடித்துக்கொண்டார்கள். ஈஹா, எ பெர்ஃபெக்ட் சர்க்கிள் குழுவில் சேர்ந்தார். 2005 ஜூன் 21, கோர்கனின் தனி ஆல்பம் வெளியான நாள். அன்றைக்கே சிகாகோ நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, தன் குழுவை மீட்டெடுக்கப் போவதாகச் சொன்னார். தனி ஆல்பம் வாங்க நினைத்தவர்களின் கவனத்தை அவரே திருப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஈஹாவும் டார்சியும் வரவில்லை. 'ஜைட்கைஸ்ட்' (2007) ஆல்பத்தில் வாசிப்பது இரண்டே பேர்: டிரம்ஸ் சேம்பர்லின், மற்றதெல்லாம் கோர்கன். டூருக்கு ஜெஃப் ஷ்ரோடர் கிதாரிலும், ஜிஞ்சர் ரெயஸ் பேஸிலும், லிசா ஹாரிட்டன் கீபோர்டிலும் வந்தார்கள். இவர்களில் ஷ்ரோடர் மட்டும் நிலைத்தார். பதினாறு ஆண்டுகள் இருந்தார். டார்சி இருந்ததைவிட அதிகம்.

2009 முதல் 2014 வரை?

2009 மார்ச்சில் சேம்பர்லின் மறுபடி விலகினார். திறந்த தேர்வு வைத்து, 19 வயது மைக் பைர்னை டிரம்ஸுக்கு எடுத்தார் கோர்கன். அடுத்த ஆண்டு பேஸுக்கு நிக்கோல் ஃபியோரென்டினோ வந்தார். கோர்கன், ஷ்ரோடர், பைர்ன், ஃபியோரென்டினோ ஆகிய இந்த நால்வரும் சேர்ந்து பதிவுசெய்த 'ஓஷியானியா' (2012), பழைய பெயர்கள் இல்லை என்பதாலேயே பலர் தாண்டிப்போன ஆல்பம். உட்கார்ந்து கேட்டால் 'ஜைட்கைஸ்ட்'டைவிட இதில்தான் ஒரு குழு வாசிக்கும் உணர்வு இருக்கிறது.

2014-இல் அதுவும் கலைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'மான்யுமென்ட்ஸ் டு அன் எலெஜி'யில் டிரம்ஸ் வாசித்தவர் மோட்லி க்ரூவின் டாமி லீ. ஒன்பதே பாடல்கள். டூரில் அவர் இல்லை. ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷினின் பிராட் வில்க் வாசித்தார். ஆல்பத்தைக் கேட்டுவிட்டுக் கச்சேரிப் படத்தைப் பார்ப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

2018-இல் ஈஹா, சேம்பர்லினோடு குழு மீண்டும் கூடுவதாக அறிவித்தபோது டார்சி ஏன் சேரவில்லை?

அழைப்பு வந்து பிறகு திரும்பப் பெறப்பட்டது என்பது டார்சி சொன்னது. பலமுறை அழைத்தும் அவர் வரவில்லை என்பது குழுவின் அறிக்கை. இரண்டும் பொதுவெளியில் உள்ளன, இரண்டையும் படித்துக்கொள்ளுங்கள். ஈஹா 2016-இலேயே லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரி ஒன்றில் விருந்தினராக மேடையேறியிருந்தார். சேம்பர்லின் 2015 கோடை டூரில் வாசித்தார். ஆகவே 2018 அறிவிப்பு திடீரென வந்ததில்லை. ஷ்ரோடரை அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டதால் கிதார் மூன்றானது. ஸ்டூடியோவில் அடுக்கிய பகுதிகளை மேடையில் பிரித்துக்கொடுக்க அது வசதியாகவும் இருந்தது.

ஷ்ரோடருக்குப் பிறகு?

33 பாடல்கள் கொண்ட 'ஆட்டம்' ஆல்பத்தின் கடைசிப் பகுதி 2023 மேயில் வந்தது. அந்த அக்டோபரில் ஷ்ரோடர் விலகினார். கிதார் கலைஞர் தேவை என்று குழு வெளிப்படையாக அறிவிக்க, 10,000-க்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. கிகி வாங் தேர்வானார். 2024 ஆகஸ்டில் வந்த 'அகோரி மோரி மே'யைப் பதிவுசெய்தது கோர்கன், ஈஹா, சேம்பர்லின் மூவர்.

டிரம்ஸில் சேம்பர்லின்தானா என்று காதால் கண்டுபிடிக்க முடியுமா?

கொஞ்சம் பழகினால் முடியும். ஹெட்ஃபோனில் ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள். பலமான அடிகளுக்கு நடுவே, தொட்டும் தொடாமலும் விழும் மெல்லிய அடிகள் நிறைய இருக்கும். ஜாஸ் கையின் அடையாளம் அது. 'செரப் ராக்' ஆரம்பத்தில் வரும் ஸ்னேர் உருட்டல், 'டுநைட், டுநைட்' முழுக்க ஓடும் அணிவகுப்புத் தாளம், 'கீக் யு.எஸ்.ஏ.'வில் வரிக்கு வரி மாறும் ஃபில்கள் (வரிகளின் இடைவெளியை நிரப்பும் டிரம்ஸ் அடிகள்) ஆகிய மூன்றையும் முதலில் கேளுங்கள். பிறகு டாமி லீ வாசித்ததைப் போடுங்கள். அங்கே அடி நேராக, கனமாக, இடைவெளி விட்டு விழும். மோசம் என்று சொல்லவில்லை. பாடல் வேறு மாதிரி நடக்கிறது. கோர்கன் பாடும் எந்தக் கூட்டணிக்கும் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற பெயர் பொருந்துமா என்று சண்டை போடுபவர்கள், ஈஹாவையும் டார்சியையும் எண்ணுவதை விட்டு, டிரம்ஸில் யார் என்று பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

'சயாமீஸ் ட்ரீம்' கிதார் ஒலி வீட்டில் வருமா? என்ன வாங்க வேண்டும்?

கோர்கன் அப்போது வைத்திருந்தது 1957 மாடலின் மறுவடிவான ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், லேஸ் சென்சர் பிக்கப்கள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்குபவை), மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்ப் (ஒலிபெருக்கி). இரண்டுக்கும் நடுவில், கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் பெடல். இதில் ஒரு நுணுக்கம்: டிரான்சிஸ்டரில் இயங்கும் சாதாரண பிக் மஃப் வேறு, 1970-களின் பிற்பகுதியில் ஐசி சில்லு வைத்து வந்த ஆப்-ஆம்ப் வகை வேறு. அவருடையது இரண்டாவது. 2017-இல் அதே நிறுவனம் அதைச் சிறிய அளவில் மறுபடி வெளியிட்டது. பழையதைத் தேடி அதிக விலை கொடுக்கத் தேவையில்லை.

பெடலை வாங்கி, சிறு ஆம்பில் சொருகி, சஸ்டெயின் குமிழை (கரகரப்பைக் கூட்டுவது) முழுக்கத் திருப்பினால் வருவது பெரும்பாலும் கொழகொழவென்ற இரைச்சல். இந்தப் பெடல் நடுத்தர அதிர்வெண்களைக் குடைந்து எடுத்துவிடும். மார்ஷல் அதை ஈடுகட்டியது. ஆகவே ஆம்பில் மிடில் குமிழை ஏழு எட்டு வரை ஏற்றுங்கள், பேஸைக் குறையுங்கள், சஸ்டெயினைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். பதிவு செய்வதானால் ஒரே பகுதியை இருமுறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் ஒலி அகலமாகாது, சத்தம்தான் கூடும். அடுக்கு ஏறஏற ஒவ்வொரு டேக்கிலும் சஸ்டெயினை இன்னும் இறக்குங்கள்.

சுருதி விஷயமும் உண்டு. 'டுடே', 'செரப் ராக்' சாதாரணச் சுருதிதான். 'மெலன் காலி'யில் பெரும்பாலானவற்றுக்கு எல்லாத் தந்திகளையும் அரை ஸ்டெப் இறக்க வேண்டும். 9 அளவுத் தந்தி அப்போது தளர்ந்து, அழுத்திப் பிடித்தால் சுருதி பிசகும், 10 போடுங்கள். 'மயனைஸ்' தனிச் சுருதி. அதில் இடைவெளிகளில் கேட்கும் விசில் சத்தம் பெடலால் வருவதில்லை. 65 டாலருக்கு வாங்கிய மட்டமான கிதார், கையை எடுத்தாலே கீச்சிட்டது. அதை அப்படியே பாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

திருடுபோன கிதார் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது. 'கிஷ்' காலத்து ஸ்ட்ராடோகாஸ்டர் 1992-இல் டெட்ராய்ட் கச்சேரி முடிந்த கையோடு களவு போனது. யாரோ ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 200 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். 2019-இல் கோர்கன் கைக்கு வந்தது.

புதிதாகக் கேட்பவர் எந்த வரிசையில் போகலாம்?

'சயாமீஸ் ட்ரீம்', பிறகு 'மெலன் காலி', பிறகு 'அடோர்'. இந்த மூன்றில் சேம்பர்லினின் டிரம்ஸ் இருப்பதும் இல்லாததும் தெரிந்துவிடும். அதன்பின் 'கிஷ்'ஷுக்குப் பின்னோக்கிப் போய், 'மஷீனா'வையும் 'ஓஷியானியா'வையும் கேளுங்கள். 'சைர்', 'ஆட்டம்' இரண்டும் நீளமானவை. முழுசாக ஒரே மூச்சில் கேட்க உட்கார்ந்தால் அலுத்துவிடும். அவசரமில்லை. 'மெலன் காலி'யை வினைலில் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: வினைலில் பாடல் வரிசை சிடியைப் போல இருக்காது, 1996-இல் வந்த மூன்று தட்டுப் பதிப்பில் சிடியில் இல்லாத இரண்டு பாடல்கள் கூடுதல். கோர்கனின் பியானோ முன்னுரையிலிருந்து நேராக 'டுநைட், டுநைட்'டுக்குப் போகும் அந்த ஓட்டம் வேண்டுமென்றால் சிடி வரிசையில் கேளுங்கள்.